உங்களுக்குத் தெரியுமா? நுரையே வடிகட்டி!

கடல்நீர் மீன்தொட்டிக்கான ‘புரோட்டீன் ஸ்கிம்மரை’ வீட்டிலேயே செய்யலாம். நிமிர்த்திய பி.வி.சி. குழாய், காற்றுப் பம்பு, பொடிக் குமிழிகளை விடும் நுண்துளை மரக்கட்டை, உச்சியில் ஒரு கிண்ணம் ஆகியவையே முக்கியப் பாகங்கள். மீன்கழிவின் புரதங்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, கிண்ணத்தில் பழுப்புக் கசடாக வழியும். அழுகி அம்மோனியாவாக மாறும் முன்பே கழிவு வெளியேறிவிடுவதுதான் இதன் அருமை!

நன்னீரில் இது சரிவர வேலை செய்யாது. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். கடல்நீரின் உப்போ அவற்றைச் சேரவிடாமல் பொடியாகவே வைத்திருக்கிறது. கடற்கரையில் அலை விட்டுச்செல்லும் நுரையும் ஏறக்குறைய இதே வழியில்தான் உண்டாகிறது.

ஸ்கிம்மரைச் செய்யும்போது, தண்ணீர் படும் இடத்தில் செம்பு, பித்தளைப் பாகங்கள் வேண்டவே வேண்டாம். நீரில் கரையும் செம்பு, சிறிதளவே ஆனாலும், பவளங்களையும் இறால்களையும் கொன்றுவிடும்.