தயங்கும் கணிப்பொறியும் அடகுக்குப் போகும் நகையும்

பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில், சேலைக் கரையில் ஓடும் கொடியையும் உடலில் தூவப்படும் புட்டாவையும் முந்தானையின் வேலைப்பாட்டையும் முன்பெல்லாம் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பி வரைந்தார்கள். இன்று அதே கட்டங்கள் கணிப்பொறித் திரையில் நிரம்புகின்றன. வீட்டில் இருந்தபடியே செய்யத்தக்க தொழில் என்பதால் இது நம் பெண்மக்களுக்கும் ஏற்றதாக இருக்கிறது. கட்டட வரைபடம் கற்றுக்கொண்டு வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் இளைஞர்களால் ஆட்டோகேட் என்னும் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழகிவிட்டது.

தொழில் வந்தது, அதனோடு ஒரு தொல்லையும் வந்தது. ஒரு பூவை நகர்த்தினால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. சேமிக்கச் சொன்னால் தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம் ஆகிறது. மத்ரஸாவில் பிள்ளையை விட வந்த தாய் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத், மகளோட கம்ப்யூட்டர் நின்னு நின்னு ஓடுதாம். கடையில பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொல்றாங்களாம். வளையலை வெச்சுடலாமான்னு கேக்குறா" என்றார். நான் கலைப் பட்டதாரி, பொறியாளன் அல்லன். எனினும் வட்டிக்குப் போன வளையல் எத்தனை வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை என்பதை அறிவேன். ஆகவே இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதைப் படித்தும் கேட்டும் அறிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

தறியிடம் பாடம் கேட்ட இயந்திரம்

பிரான்சு நாட்டு லியோன் நகரத்தின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் தம் தறிக் கருவியை உருவாக்கினார். துளையிட்ட அட்டைகளைக் கோத்துக் கட்டி, எந்தப் பாவு நூல் எழ வேண்டும், எது படிய வேண்டும் என்பதை அந்தத் துளைகளைக் கொண்டே தறிக்கு உணர்த்தினார். நாடா ஒரு முறை குறுக்கே போக ஓர் அட்டை. 1830களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்திற்கு இதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று உண்டு. அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப் படத்தைப் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். பின்னர் ஹோலரித் என்பவர் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். ஆக, கணிப்பொறி தறியிடம் பாடம் கேட்டுவிட்டு, இப்போது காஞ்சிபுரத்துத் தறிக்கே திரும்பி வந்திருக்கிறது.

இதை நான் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. கணிப்பொறி ஏன் திணறுகிறது என்பதற்கும் தறியே விடை வைத்திருக்கிறது.

எட்டுக் கோடிப் புள்ளிகள்

ஒரு சேலையின் அகலம் 48 அங்குலம், நீளம் ஆறு கெஜம், அதாவது 216 அங்குலம் என்று கொள்வோம். அங்குலத்திற்குப் பாவு நூல் 100, ஊடை 80 என்று வைத்துக்கொண்டால், குறுக்கே 4,800 நூல்; நெடுக 17,280 ஊடை. இவ்விரண்டையும் பெருக்கினால் 8 கோடியே 29 இலட்சம் புள்ளிகள் வருகின்றன. முழு வண்ணப் படமாக வைத்தால் ஒரு புள்ளிக்கு நான்கு பைட் இடம் வேண்டியிருக்கும். அப்படியானால் ஒரு சேலைக்கே ஏறத்தாழ 330 மெகாபைட். தவறிப்போனால் பின்னோக்கித் திரும்புவதற்காக மென்பொருள் பத்து முழுப் பிரதிகளை வைத்திருந்தால் 3.3 கிகாபைட் ஆகிவிடுகிறது. (மாறிய பகுதியை மட்டும் நினைவில் வைக்கும் மென்பொருள்களும் உண்டு, அவற்றுக்கு இவ்வளவு இடம் வேண்டாம்.) நான்கு கிகாபைட் நினைவகம் உள்ள கணிப்பொறியில் விண்டோஸ் அமைப்பே ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் இந்தச் சேலைக்கு இடம் எங்கே?

இடம் போதாதபோது கணிப்பொறி நின்றுவிடுவதில்லை. மிஞ்சியதை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்து வருகிறது. தாமதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஒரு நொடி ஆவதாகக் கற்பனை செய்தால், அதே கணக்கில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நாளைக்கு மேல் ஆகும். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகத்திலிருந்து எடுக்கக் கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். கைக்கெட்டும் இடத்தில் தார் வைத்து நெய்பவருக்கும், ஒவ்வொரு தாருக்கும் வெளியூர்க் கிடங்கிற்கு ஆள் அனுப்புபவருக்கும் உள்ள வேறுபாடு இது. கிடங்கிற்கு ஆள் போயிருக்கும் வேளையில் எவ்வளவு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் கைகட்டி நிற்கத்தான் வேண்டும்.

ஆகவே முதல் சிக்கனம் கோப்பிலேயே தொடங்குகிறது. அட்டை அடித்த நம் முன்னோர் ஒருபோதும் முழுச் சேலைக்கும் அட்டை அடித்ததில்லை. ஒரு புட்டாவுக்கு அடித்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 200க்கு 200 என்றமைந்த ஒரு புட்டாவில் 40,000 புள்ளிகளே உண்டு. முழுச் சேலையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பூவைத் தனிக் கோப்பாக வரைந்து முடித்துவிட்டு, இறுதியில் மட்டும் சேலையில் பரப்பினால் பழைய கணிப்பொறியும் துள்ளி ஓடும். வண்ணங்களை 256க்குள் அடக்கினால் கோப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். நெசவுக்கு அதற்கு மேல் வண்ணம் எதற்கு?

எட்டுப் பேர் இருந்தும் ஒருவர் வேலை

கட்டட வரைபடம் வரைவோரின் துன்பம் சற்று வேறு. எட்டுக் கருக்கள் கொண்ட புதுப் பிராசசர் வாங்கியும் ஆட்டோகேட் வேகம் பெறவில்லையே என்று குறைப்படுகிறார்கள். அந்த மென்பொருளின் பெரும்பாலான பணிகள் ஒரே கருவில்தான் நடைபெறுகின்றன. ஒரு தறியில் எட்டு நெசவாளர்களை உட்கார வைத்தால் எட்டு ஊடையை ஒரே நேரத்தில் போட முடியுமா? ஒன்றன்பின் ஒன்றாகத்தானே போட முடியும்! இத்தகைய வேலைக்குக் கருக்களின் எண்ணிக்கையைவிட ஒரு கருவின் வேகமே முக்கியம். முப்பரிமாணக் காட்சியை ஒளி நிழலோடு வார்த்தெடுக்கும்போதுதான் பல கருக்களும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் தம் விலைக்கு வேலை செய்கின்றன. தட்டையான கோட்டு வரைபடத்திற்கும் சேலைக் கரைக்கும் சாதாரண கார்டே பெரும்பாலும் போதும். கார்டை முதல் மருந்தாகச் சொல்லும் கடைக்காரர் நோயைப் பார்க்காமலே மருந்து எழுதுகிறார் என்றே நான் கருதுகிறேன்.

நோயைப் பார்ப்பது எளிது. விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். திரை திணறும் அந்த நேரத்திலேயே அதைப் பார்க்க வேண்டும். மெமரி என்ற இடம் நிரம்பி நின்றால் நினைவகம் போதவில்லை. டிஸ்க் நூறு சதவிகிதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சேமிப்பகம்தான் முட்டுக்கட்டை. பிராசசர் எண்ணைப் பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அது 12 அல்லது 13 சதவிகிதம் என்று காட்டினால் சும்மா இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எட்டில் ஒரு கரு முழு மூச்சில் உழைத்தாலும் மொத்தக் கணக்கில் பன்னிரண்டரைதான் வரும்.

மடிக்கணிப்பொறி வைத்திருப்போர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மின் இணைப்பைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பல கருவிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள கருவியில் மென்பொருள் சிறிய சில்லிலேயே ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளச் செலவே இல்லை.

ஆட்டோகேட் கோப்புகளில் பயன்படாத அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளும் குப்பையாகச் சேர்ந்துவிடும். பர்ஜ், ஓவர்கில் என்னும் இரு கட்டளைகள் அவற்றை அகற்றும். பென் டிரைவிலிருந்து நேரடியாகக் கோப்பைத் திறந்து வேலை செய்யும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கணிப்பொறிக்குள் படியெடுத்து வேலை செய்து, முடித்தபின் திரும்பப் படியெடுத்துக்கொள்ளலாம்.

பட்டுத் தூசும் கத்திரி வெயிலும்

தறி ஓடும் வீட்டில் காற்றோடு நூல் தும்பு மிதக்கும். கணிப்பொறியின் உள்ளிருக்கும் சிறு விசிறி அதை இழுத்து, வெப்பம் வெளியேற்றும் தகடுகளுக்கிடையே மெத்தையாக அடைத்துவிடும். காற்று புக வழியில்லாமல் பிராசசர் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய இயந்திரம் நண்பகலில் தவழ்கிறது என்றால் முதலில் இதையே ஐயுற வேண்டும். மின் இணைப்பை நீக்கி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை ஊதிவிட்டால் பல வேளைகளில் போன வேகம் திரும்பிவிடும். கணிப்பொறியைத் தறி அறையில் வைக்காமல் அடுத்த அறையில் வைப்பது இன்னும் நல்லது. மடிக்கணிப்பொறியைத் தலையணை மேல் வைத்து வேலை செய்யும் பிள்ளைகளையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

இத்தனையும் செய்த பின்னும் திணறல் தீராவிட்டால் பணத்தை எடுக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கருவியாயின் முதல் செலவு எஸ்.எஸ்.டி.க்கு. இரண்டரை அங்குல வகை பெரும்பாலான பழைய மடிக்கணிப்பொறிகளில் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும். அடுத்தது நினைவகம். வாங்குமுன் அந்தப் பலகை எவ்வளவு வரை ஏற்கும் என்பதையும் மென்பொருள் எத்தனை பிட் வகை என்பதையும் கேட்டறிய வேண்டும். 32 பிட் மென்பொருள் நான்கு கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைத் தொடவே முடியாது; அதற்குப் பதினாறு வாங்கிப் போட்டும் பயனில்லை. ஆட்டோகேட்டில் 2019ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசி 32 பிட் பதிப்பு. இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு புதுக் கணிப்பொறியின் விலையில் சிறு பகுதியாகவே இருக்கும். வட்டிக்கடைக்குப் போக வேண்டிய தொகையாக இராது. இந்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய் என்னும் நெசவு வடிவமைப்பு மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பதால், புதிதாகத் தொழில் தொடங்குவோர் கையிலுள்ள பணத்தை இயந்திரத்திற்கே செலவிடலாம்.

மாற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் வாடிக்கையாளர் நம்பித் தந்த டிசைன்கள் இருக்கின்றன. அவை அமானிதப் பொருள். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் சிறு வெளிப்பெட்டி ஒன்றில் அதைப் பொருத்திக்கொண்டால், அன்றன்றைய வேலைக்குப் படியெடுத்து வைக்க அதுவே உதவும். அந்தப் பெட்டியின் விலை சில நூறு ரூபாய்தான்.