எக்சோஸ் மாற்றினால் பவர் ஏறுமா? இன்ஜெக்ஷன் மோட்டார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எக்சோஸ் மாத்தினா பவர் ஏறுமா, பாஸ்?" தாமான் கொன்னாட் முதல் பத்து 9 வரை, செராஸ் வட்டார மோட்டார் பட்டறைகளில் இளைஞர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. உணவு விநியோகத்துக்கு ஓடும் மோட்டாரும் சரி, வேலைக்குப் போய்வரும் கப்சாயும் சரி, சில நூறு ரிங்கிட் செலவில் தோற்றமும் சத்தமும் மாறிவிடும் என்பதால் ஆசை வருவது இயல்பு.

ஆனால், வண்டி இன்ஜெக்ஷன் என்றால் பதில் அவ்வளவு சுலபமில்லை. குழாயை மட்டும் மாற்றிவிட்டு, பெட்ரோல் அளவை அப்படியே விட்டால் என்ன நடக்கும்? சட்டம் என்ன சொல்கிறது?

கார்புரேட்டருக்கும் இன்ஜெக்ஷனுக்கும் என்ன வித்தியாசம்?

கார்புரேட்டர் வண்டியில் எக்சோஸ் மாற்றினால், மெக்கானிக் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாகப் போட்டு ஸ்குருவைத் திருகி சரிசெய்துவிடுவார். 2015இல் மலேசியாவில் அறிமுகமான யமாஹா ஒய்15இசட்ஆர், 2016இல் வந்த ஹோண்டா ஆர்எஸ்150ஆர் போன்ற வண்டிகளில் அந்த வேலையை இசியூ எனப்படும் சிறிய கணினி செய்கிறது.

எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, திராட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்லும். இசியூ தன்னிடம் பதிவாகியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும். அந்த அட்டவணை, தொழிற்சாலையில் பொருத்திய எக்சோஸை வைத்துத் தயாரிக்கப்பட்டது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

குழாய் மட்டும் மாறினால் என்ன ஆகும்?

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை (எடைக் கணக்கில்). புகை தடையின்றி வெளியேறும் எக்சோஸைப் பொருத்தினால், சில வேகங்களில் எஞ்சினுக்குள் காற்று கூடுதலாகப் போகும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். கலவை "லீன்" ஆகிவிடும்.

"ஆக்சிஜன் சென்சார் இருக்கே, அதுவே சரிசெய்துக்கும்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மைதான். ஒரே சீராக, மெதுவாக ஓட்டும்போது அந்த சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. திராட்டலை முழுதாக முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் இசியூ அந்த சென்சாரைப் பார்ப்பதில்லை. பழைய அட்டவணைப்படியே போகும். எஞ்சினுக்குச் சுமை அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் கலவை தவறாக இருக்கும்.

அதன் அறிகுறிகள்: முறுக்கும்போது ஒரு நொடி தடுமாற்றம், வழக்கத்தைவிட அதிக சூடு, ஸ்பார்க் பிளக் முனை வெளுத்துப்போவது. நீண்ட நாள் அப்படியே ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் பாதிக்கப்படலாம். எக்சோஸில் மிச்சம் பிடித்த காசு எஞ்சின் வேலைக்குப் போய்விடும்.

திராட்டலை விடும்போது வரும் "டப் டப்" சத்தத்தைப் பலர் பவரின் அடையாளமாக நினைக்கிறார்கள். எரியாத கலவை சூடான குழாய்க்குள் வெடிப்பதால் வரும் சத்தம் அது. கேஸ்கெட் இடுக்கில் காற்று கசிந்தாலும் இதே சத்தம் வரும்.

பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், கடைசிப் பகுதியான மஃப்ளரை மட்டும் மாற்றுகிறீர்களா, எஞ்சினிலிருந்து வரும் முழுக் குழாயையும் மாற்றுகிறீர்களா என்று தெளிவாக இருங்கள். மஃப்ளர் மட்டும் என்றால் கலவையில் மாற்றம் பொதுவாகக் குறைவு. முழுக் குழாய் என்றால் இசியூவை மறுபதிவு செய்வது, அதாவது ரீமேப், கிட்டத்தட்ட கட்டாயம். கெட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழைய குழாயில் இருந்தால் அதுவும் போய்விடும். நச்சுப் புகை கூடும்.

எஞ்சின் வாயில் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது. அங்கே கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று தவறாகச் சொல்லும். இசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். கடைசியில் எண்ணெய்ச் செலவுதான் ஏறும். புதிய குழாயில் ஆக்சிஜன் சென்சாருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். சாதாரண சிலிக்கோன் பசை அந்த சென்சாரைக் கெடுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகன இரைச்சலுக்கு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987இல் தனி விதிமுறைகள் வந்தன. வாகனத்தில் செய்யும் மாற்றங்கள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எக்சோஸ் குற்றங்களுக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம் என்று அதிகாரிகள் எச்சரித்து வந்திருக்கிறார்கள்.

இரைச்சலை அளக்க உலகெங்கும் ஒரு முறை உண்டு. வண்டியை நிறுத்தி, குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 பாகை கோணத்தில் மைக்கை வைத்து அளப்பார்கள். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காதில் விழும். ஆகவே "டிபி கில்லர்" எனப்படும் உள் தடுப்பைக் கழற்றினால் வரும் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. அடுக்குமாடி வீட்டில் இரவு வேலை முடித்துத் தூங்குபவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அது நன்றாகவே தெரியும்.

ஓட்டுபவரின் காதும் தப்பாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே. நாள் முழுதும் வண்டியில் இருக்கும் விநியோக ஊழியர் அந்த 4 மணி நேரத்தை ஒரே நாளில் தாண்டிவிடுவார்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பட்டறையில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது என் மாடலுக்கென்றே செய்யப்பட்டதா? இரைச்சல் சோதனைச் சான்று இருக்கிறதா? (ஜப்பானில் ஜேஎம்சிஏ முத்திரை, ஐரோப்பாவில் இ-மார்க் எண் இதற்காகவே உள்ளன. ஆனால் வெளிநாட்டு முத்திரை நம் நாட்டுச் சட்டத்துக்கு மாற்று ஆகாது.) பொருத்தியபின் காற்று–பெட்ரோல் கலவையை மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா? எஞ்சினில் பிரச்சினை வந்தால் வாரண்டி நிற்குமா?

இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் பழைய எக்சோஸே மேல். மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். சாலைத் தடுப்புச் சோதனையில் பிடிபட்டு, அசல் நிலைக்குக் கொண்டுவரச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும்.