எரிவாயுவிலிருந்து மின்சாரம்

மின் உற்பத்தி என்றதும் சேலம், நாமக்கல் உழவர்களுக்கு மேட்டூர்தான் நினைவுக்கு வரும். அணையில் நீர்விசை சுழலியைச் சுற்றுகிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியால் காய்ச்சிய நீராவி சுற்றுகிறது. எரிவாயுவைக் கொண்டு சுற்றும் மூன்றாவது முறையும் உண்டு. மன்னார்குடி அருகே கோவில்களப்பாலிலும், குத்தாலத்திலும், இராமநாதபுரம் அருகே வழுதூரிலும் தமிழ்நாடு மின்சார வாரியம் இத்தகைய நிலையங்களை அமைத்தது.

பூமிக்கடியிலிருந்து குழாய் வழியே வரும் இவ்வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். உங்கள் சாண எரிவாயுக் கலனில் எரிவதும் அதுவே. ஆனால் அதில் கரியமில வாயு நிறையக் கலந்திருக்கும்.

நிலையத்தில் முதலில் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறார்கள். அந்தக் காற்றில் வாயுவைப் பாய்ச்சி எரித்ததும், சூடேறி விரிந்த புகை சீறிச்சென்று சுழலியின் இறக்கைகளைத் தள்ளுகிறது. அதனுடன் பூட்டிய ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. இங்கே புகையே வேலை செய்வதால் நீராவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; சுழலியை நிமிடக் கணக்கில் ஓட்டிவிடலாம். நிலக்கரிக் கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும்.

சுழலியை விட்டு வெளியேறும் புகையில் இன்னும் சுமார் 500 டிகிரி வெப்பம் இருக்கும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் புகைப்போக்கி வழியே வீணாகும் சூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கு அதை வீணாக்குவதில்லை. அப்புகையைக் கொண்டே தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் இரண்டாவது சுழலி ஒன்றை ஓட்டுகிறார்கள். 2001-இல் தொடங்கிய கோவில்களப்பால் நிலையத்தின் திறன் 107.88 மெகாவாட். இதில் 70 எரிவாயுச் சுழலியுடையது; மீதி 37.88 மெகாவாட் இந்த நீராவியால் கிடைப்பது. அதற்கெனத் தனியே வாயு எரிப்பதில்லை! 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு, இழப்பும் சேர்த்து, 5 கிலோவாட் எனக் கொண்டால், முழுத்திறனில் இந்நிலையம் சுமார் 21,000 மோட்டார்களை ஓட்டும்.

ஒரு குறையும் உண்டு. வெயில் ஏறினால் காற்று இலேசாகிவிடும். சுழலி உறிஞ்சும் காற்றின் எடை குறைய, மின்சாரமும் குறையும். சித்திரையில் உங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அதிகம் ஓடும் நேரமும் அதுதான்.

வாயு வளத்துக்கும் எல்லை உண்டு. காவிரிப் படுகை வாயு நெல்வயல்களுக்கு அடியிலிருந்து எடுக்கப்படுவது. நமக்கு மின்சாரமாக வருவது அங்குள்ள உழவருக்கு நிலத்தைப் பற்றிய கவலை. அது நியாயமான கவலையே. 2020-இல் தமிழக அரசு தஞ்சை, திருவாரூர், நாகை உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. முன்பே நடந்துவந்த பணிகளை அச்சட்டம் நிறுத்தவில்லை.