பெரிய மனுஷியா, சின்னப் பொண்ணா?

என் மகளுக்கு வயது 15. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீரோடு அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, "ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் மார்க்கெட்டில் அவள் தோழியின் அம்மா என்னைப் பார்த்து, "நேத்து உங்க பொண்ணு வந்து எங்க பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே, கையில் காசில்லாமலேயே தனியாகப் போய் வந்திருக்கிறாள்!

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "ஏண்டி பொய் சொன்னே?"

"கேட்டா விட்டிருப்பியாம்மா? பெரிய மனுஷி ஆயிட்டேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது நீங்கதானே! அதுக்கு முன்னாடி கடைக்கு, லைப்ரரிக்கு எல்லாம் நானேதான் போவேன். அப்புறம்தான் எங்கேயும் விடறதில்லை. சோறு வடிக்கச் சொன்னா பெரிய பொண்ணு, வெளியே போறேன்னா சின்னப் பொண்ணு. தம்பிக்கு 12 வயசு, அவன் மட்டும் சைக்கிள்ல ஊரைச் சுத்தலாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. என்னையும் என் அம்மா அப்படித்தான் வளர்த்தார். 19 வயதில் கல்யாணமாகி வந்து, பாங்க்கில் ஒரு சலான் நிரப்பத் தெரியாமல் கை நடுங்க நின்றது ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம், விழாவில் வந்த மொய்ப் பணத்தில் மீதி இருந்ததை அவள் பெயரில் போட தபால் நிலையம் போனோம். "பத்து வயசு முடிஞ்சிருந்தா பாப்பாவே கையெழுத்துப் போட்டுக் கணக்கு வச்சுக்கலாம்மா" என்றார் அங்கிருந்தவர். பத்து வயசுப் பிள்ளையைத் தபால் நிலையம் நம்புகிறது. பெற்றவள் நான் 15 வயசுப் பெண்ணை நம்பவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம். சனிக்கிழமை அவள் லைப்ரரிக்கோ, தோழி வீட்டுக்கோ போகலாம். எங்கே என்று சொல்ல வேண்டும், ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். தம்பிக்கும் அதே ஆறு மணிதான். சாப்பிட்ட தட்டை அவனும் கழுவ வேண்டும்.

என் கணவர் இன்னும் முணுமுணுக்கிறார். எனக்கும் பயம் போகவில்லை, அவள் வரும்வரை வாசலில்தான் நிற்கிறேன். ஆனால் போன வாரம் பஸ் வராமல் தாமதமானபோது, தோழி வீட்டிலிருந்து அவளே போன் செய்து சொன்னாள். முன்பென்றால் இன்னொரு பொய் சொல்லியிருப்பாள்.

தோழிகளே, பெண் வளர்ந்துவிட்டாள் என்று பந்தி போடுகிறோம். அதற்கப்புறம் அவளை வளரவும் விடுவோமே!

- ஒரு வாசகி