கருப்பு தண்டித்தால் கைதட்டலாமா?

வில்லன் செத்து விழுந்தால் வீடே கைதட்டுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வேலை முடிந்து வந்து சின்னத்திரை முன் உட்காரும் தமிழர்களுக்கு இது பழகிப்போன காட்சி. போலீஸ் கைவிட்டது, கோர்ட்டு வாய்தா போட்டது, கதாநாயகன் கத்தியை எடுத்தான். இதில் என்ன தவறு என்று கேட்பவர்களும் உண்டு.

சன் டி.வி.யில் 1997-ல் தொடங்கிய 'விடாது கருப்பு' தொடர் பலருக்கு நினைவிருக்கும். கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. தவறு செய்தவர்களைக் காவல் தெய்வமான கருப்பு தண்டிப்பதாக ஊரே நம்புகிறது. கடைசியில் தெரிவது என்ன? தண்டித்தது தெய்வம் அல்ல, மனம் பிளவுபட்ட ஒரு மனிதன். தான் செய்வது தனக்கே தெரியாத மனிதன்! 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் நாயகனுக்கும் இதே வியாதிதான்.

காமிராவே சாட்சி

கதையில் ஒரு வசதி உண்டு. வில்லன் செய்யும் அக்கிரமம் பார்ப்பவர்களின் கண்ணெதிரிலேயே நடக்கிறது. ஆள் மாறிப்போக வழியில்லை. தெருவில் அந்த வசதி கிடையாது.

2018 மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ராஜஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த 26 வயது வாலிபர், பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் கூட்டத்திடம் சிக்கினார். கட்டிவைத்து அடித்தார்கள். உயிர் போய்விட்டது. அவர் எந்தப் பிள்ளையையும் பிடிக்க வந்தவர் அல்ல. அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியும் அடித்துக் கொல்லப்பட்டார்.

அடித்தவர்கள் ஒவ்வொருவரும் அன்று தங்களைக் கதாநாயகன் என்றுதான் நினைத்திருப்பார்கள்!

அயலூரில் பிழைப்பவர்கள்

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு இதற்கென்றே வழி செய்துள்ளது. சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை, அத்துடன் அபராதம்.

பிறந்த இடம், மொழி என்ற சொற்களின் அர்த்தத்தை 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைக் கண்ட பெங்களூர்த் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கும்பல் நீதிபதியானால் முதலில் கூண்டில் ஏற்றப்படுபவன் ஊருக்குப் புதியவன், பாஷை தெரியாதவன்.

கோர்ட்டில் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கலாம். ஆனால், "நான் அவனில்லை" என்று சொல்வதற்கு அங்கேதான் அவகாசம் உண்டு.