பட்டாசிலும் அதே உலோகம், படகிலும் அதே உலோகம்

"விருதுநகர் மாவட்டத்துல கடலே இல்லையே, படகைப் பத்தி எதுக்குக் கட்டுரை?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனால் பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி என்று நமக்கு அணைகள் இருக்கின்றன. நல்ல மழை பெய்த வருஷம் கண்மாய்களும் நிறையும். தண்ணீர் நின்றால் மீன். மீன் இருந்தால் யாருக்காவது ஒரு சின்னப் படகு தேவைப்படும்.

நம்ம கடற்கரையில் இன்று ஃபைபர் படகுகள்தான் அதிகம். அலுமினியப் படகு இங்கே அபூர்வம். அமெரிக்காவில் அது சாதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், போர் விமானம் செய்த கிரம்மன் நிறுவனம் அதே தகடு, அதே ரிவெட் வேலையை வைத்துப் படகு செய்து விற்றது. பழைய அலுமினியப் படகு ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம். உடைந்த ஃபைபரை உருக்க முடியாது. அலுமினியம் அப்படியில்லை, சரிப்பட்டு வரலைன்னா பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டாலும் கொஞ்சம் காசு திரும்பும்.

முதலில் ஒரு கேள்வி. சிவகாசியில் பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடரும் இந்தப் படகுத் தகடும் ஒரே உலோகம். ஒன்று பளிச்சென்று எரிகிறது, இன்னொன்று வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடக்கிறது. எப்படி?

பதில் அதன் தோலில் இருக்கிறது. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. அடுத்தது பரப்பளவு. ஒரு கிலோ அலுமினியத்தை 2 மில்லிமீட்டர் தகடாக்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 0.37 சதுர மீட்டர். அதே ஒரு கிலோவை 30 மைக்ரான் உருண்டைகளாக்கினால் சுமார் 74 சதுர மீட்டர். இருநூறு மடங்கு! கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க, அடர்த்தி 2.7. வினை நடப்பதெல்லாம் பரப்பில்தான். அதனால் படகைச் சீர் செய்யும்போது இரண்டு வேலை: தோலைக் காப்பாற்றணும், தூள் உண்டாக்காமல் இருக்கணும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது: படகை மரக்கட்டைகள் மேல் சமமாக உட்கார வைத்து, உள்ளே நாலு அங்குலம் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே சொட்டும் இடத்தை மார்க்கரால் குறியுங்கள். விளிம்பு வரை ஊற்றிடாதீங்க. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ, அடித்தகடு வளைந்துவிடும்.

ரிவெட்: தளர்ந்த ரிவெட்டின் தலையில் ஒருவர் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். மாற்றித்தான் ஆகணும் என்றால் அலுமினிய ரிவெட்டே போடுங்கள். சாதாரண பாப் ரிவெட்டில் நடுவே ஓட்டை இருக்கும், தண்ணீர் வரும். முனை மூடிய வகை வேண்டும். கூடவே பாலியூரிதேன் சீலன்ட்.

விரிசல்: விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம். வெல்டிங் என்றால் அனுபவசாலியிடம் கொடுங்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். மேலே உள்ள ஆக்சைடு உருகுவது 2000 டிகிரிக்கும் மேலே. அதைக் கிழித்து விலக்கத்தான் டிக் வெல்டிங்கில் ஏசி கரன்ட் வைக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோமை முதலில் எடுத்துவிடுங்கள். சூடு பட்டால் நச்சுப் புகை வரும். ஊறிப்போன ஃபோம் எப்படியும் வீண் பாரம். தண்ணீர் குடிக்காத புது ஃபோம் வைத்தால், லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பாரத்தை மிதக்க வைக்கும்.

கூடா நட்பு: செம்பு அலுமினியத்துக்கு எமன். இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் இருந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம். செம்பு கலந்த பெயின்ட், செம்பு மருந்து ஏற்றிய பிளைவுட், தவறி விழுந்த செம்புக் கம்பித் துண்டு எதுவும் படகில் இருக்கக் கூடாது. எவர்சில்வர் போல்ட் போட்டால் நடுவே நைலான் வாஷர் வையுங்கள். நல்ல தண்ணீரில் ஓட்டும் படகுக்கு உள்பக்கம் பெயின்ட்டே தேவையில்லை.

இப்போது நம்ம ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. நம்மில் பலர் வீட்டில் ஒருவராவது பட்டாசு ஆலைக்குப் போகிறவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது கையிலும் காலிலும் ஒட்டியிருக்கிற அந்த வெள்ளி நிறம் அலுமினியப் பவுடர்தான். படகைத் தேய்த்தால் உங்கள் மேலும் அதே தூள்தான் ஒட்டும்.

ஆகவே கிரைண்டரைத் தவிர்த்து, நைலான் பிரஷால் திறந்தவெளியில், தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இரும்பு அரைத்த சக்கரத்தை அலுமினியத்தில் வைக்காதீர்கள். துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தெர்மைட். தண்டவாளத்தையே ஒட்ட வைக்கும் சூடு அது. ஈரமான தூளை டப்பாவில் அடைத்து மூடாதீர்கள். தண்ணீரோடு மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜனையும் சூட்டையும் உண்டாக்கும். மழைக்காலத்தில் மருந்து ஈரமானால் ஆலைகளில் பயப்படுவதும் இதனால்தான். தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மணலை மெதுவாகப் போட்டு மூடுங்கள். முக்கியமாக, அந்தச் சட்டையோடு மருந்து இருக்கும் இடத்துப் பக்கமே போகாதீர்கள். உதறாமல் நனைத்து, தனியாகத் துவையுங்கள்.

எல்லாம் முடிந்ததா? மறுபடியும் நாலு அங்குலம் தண்ணீர், அரை மணி நேரம். ஒரு சொட்டும் விழவில்லை என்றால் படகு தயார். முதல் ஓட்டம் இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு. நீச்சல் தெரிந்தவனுக்கும் இது பொருந்தும்!