இரு மருந்துகளும் ஓர் ஒப்பீடும்

ஒரு மருந்துமுறை மற்றொன்றினும் சிறந்தது என்பதை மருத்துவர் எங்ஙனம் துணிகின்றனர்? கருக்கலைப்பு மருந்துகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கருவைத் தாங்கி நிற்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். 1980இல் பிரான்சில் உருவான மிஃபெப்ரிஸ்டோன் அதன் வினையைத் தடுக்கின்றது. வயிற்றுப் புண்ணுக்கென வந்த மிசோபுரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்கின்றது. தொடக்கத்தில் மிஃபெப்ரிஸ்டோன் 600 மில்லிகிராம் அளிக்கப்பட்டது. பின்னர், பெண்களைச் சீட்டுக் குலுக்கினாற்போல் விருப்பு வெறுப்பின்றிப் பிரித்து, ஒரு தொகுதியினர்க்கு 200, மற்றொரு தொகுதியினர்க்கு 600 எனக் கொடுத்து ஆராய்ந்தனர். பயன் ஏறத்தாழ ஒன்றே! மூன்றில் ஒரு பங்கு போதுமெனில், மிகுதி எதற்கு? ஆகவே உலக சுகாதார நிறுவனம் 200ஐயே பரிந்துரைக்கின்றது. மிசோபுரோஸ்டால் தனித்தும் பயன்படும். எனினும் இரண்டும் சேர்ந்த முறையே கூடுதலாக வெற்றி தருகின்றது.

இந்தியாவில் 1971இல் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மிஃபெப்ரிஸ்டோன் 2002இல் அனுமதி பெற்றது. எனினும், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருப்பின் இம்மருந்துகள் அதனைக் கலைக்கா. குழாய் வெடித்து உயிருக்கே இறுதி நேரலாம். மருந்துக் கடைக்காரர் இதனை அறிய இயலாது, மருத்துவரே அறிவார்.

ஆதலின் ஸ்ரீரங்கத்துப் பெண்ணாயினும் திருச்சிப் பெண்ணாயினும் அரசு மருத்துவமனையை நாடுதலே நன்று. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவளது இசைவு ஒன்றே போதும். அவள் பெயரை மறைத்துக் காப்பது மருத்துவரின் சட்டக் கடமை. அச்சமும் நாணமும் உயிரைப் பறிக்க இடங்கொடுத்தல் ஆகாது. அறிவே துணை.